மூன்று வாக்கு வித்தியாசம்: கட்சிக்குள் தலைமைப் போட்டியும் தமிழக அனுபவமும்

ஒரு கட்சியில் நெடுங்காலம் பதவியில் இருக்கும் மூத்த தலைவரை அதே கட்சியைச் சேர்ந்த இளையவர் ஒருவர் வெளிப்படையாக எதிர்த்து நிற்பதும், அந்தப் போட்டியை அக்கட்சியின் உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்ப்பதும் மக்களாட்சி வேரூன்றிய நாடுகளில் வியப்புக்குரிய செய்திகள் அல்ல. இன்றைய தமிழ்நாட்டிலோ அத்தகைய போட்டி எழுந்தவுடன் அது கலகம் என்றும் துரோகம் என்றும் பெயர் பெறுகிறது. எதிர்த்தவர் நீக்கப்படுகிறார், அல்லது வெளியேறிப் புதுக்கட்சி காண்கிறார். மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே வாக்குப்பெட்டி என்ற ஒன்று வைக்கப்படுவதே இல்லை. இது தமிழரின் இயல்பு என்றோ, தலைவரை வணங்கும் நம் பழக்கத்தின் விளைவு என்றோ கூறிவிடுவது எளிது. அக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. 1940 முதல் 1954 வரையிலான பதினான்கு ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசில் அத்தகைய போட்டிகள் வாக்கெடுப்பில் நடந்தன, முடிவுகள் ஏற்கப்பட்டன, தோற்றவர் பலர் கட்சியிலேயே நீடித்துப் பெரும் பணிகள் ஆற்றினர். அந்த வரலாற்றை எடுத்துரைப்பதும், அவ்வழக்கம் எவ்வாறு மறைந்தது என்று ஆராய்வதும், அதை மீட்பதற்கான வழியைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கங்கள்.

இப்பொருள் உலகில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலவைத் தேர்தல்களை ஒட்டியே ஆகும். செனட் எனப்படும் அந்த மேலவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள் உண்டு. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். 1913இல் செய்யப்பட்ட அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் அவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பாகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிக்கத் தனியாக ஒரு தேர்தல் நடக்கிறது. இதனைத் தமிழில் முன்தேர்தல் எனலாம். விஸ்கான்சின் மாநிலம் 1903இல் இதற்கெனச் சட்டம் இயற்றியபோது அதை முன்னின்று நடத்திய ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சி முதலாளிகளின் அறையிலிருந்து வாக்காளரின் கைக்கு மாற்றுவதே தம் குறிக்கோள் எனக் கருதினார். அதன் பயனாக, எத்தனை முறை வென்ற மேலவை உறுப்பினரும் தம் கட்சியினரிடமே மீண்டும் ஒப்புதல் பெற்றாக வேண்டிய நிலை உண்டாயிற்று.

அந்த ஒப்புதல் கிடைப்பதும் உண்டு, மறுக்கப்படுவதும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் சார்பில் 36 ஆண்டுகள் மேலவையில் இருந்த குடியரசுக் கட்சியின் ரிச்சர்டு லூகர் 2012இல் தம் கட்சியினரின் முன்தேர்தலிலேயே தோற்றார். அவரை வென்றவர் பொதுத்தேர்தலில் அந்த இடத்தை எதிர்க்கட்சியிடம் பறிகொடுத்தார் என்பதும் சேர்த்தே நினைக்கத்தக்கது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020இல் நிகழ்ந்த போட்டி வேறு வகையானது. 1976 முதல் நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில் தொடர்ந்து இருந்துவந்த 74 வயது எட்வர்டு மார்க்கியை, புகழ்பெற்ற கென்னடி குடும்பத்தைச் சேர்ந்த 39 வயது ஜோசப் கென்னடி எதிர்த்தார். குடும்பப் பெயரும் இளமையும் கென்னடியின் பக்கம் இருந்தும், பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டமொன்றை முன்மொழிந்திருந்த முதியவருக்கே இளைஞர் பலர் திரண்டு வேலை செய்தனர். மார்க்கி ஏறத்தாழ 55 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். அதே மார்க்கியை 2026ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கப்போவதாகச் சேத் மோல்டன் என்பவர் 2025 அக்டோபரில் அறிவித்தார். அவரும் 2014இல் தம் கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவரை முன்தேர்தலில் வென்றே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர். ஆகவே இளையவர் வெல்ல வேண்டும் என்பது இந்நடைமுறையின் சாரம் ஆகாது. மூத்தவர் தம் தகுதியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதும், அதற்குரிய நாளும் இடமும் விதியும் முன்னரே குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுமே அதன் சாரம்.

இந்திய மேலவையான மாநிலங்களவைக்கு உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், அங்கு ஒரே கட்சியின் இளையவர் மூத்தவரை எதிர்த்து மக்களிடம் செல்லும் வாய்ப்பே இல்லை. எனவே இங்குள்ள நெருங்கிய ஒப்புமையை வேறிடத்தில் தேட வேண்டும். அது சென்னை மாகாணக் காங்கிரசில், இராஜாஜிக்கும் காமராசருக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட போட்டியில் கிடைக்கிறது. 1878இல் பிறந்த இராஜாஜி, காந்தியடிகளின் நெருங்கிய தோழர், வழக்கறிஞர், 1937இல் மாகாணப் பிரதமர். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராசர் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தியவர். ஆங்கில மேடைப்பேச்சோ, வழக்கறிஞர் தொழிலோ, நிலபுலமோ அவருக்கு இல்லை. இருவருக்கும் இடையே இருந்தது 25 ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளியைக் கடக்கக் காமராசருக்கு ஏணியாக அமைந்தது கட்சியின் விதிமுறைதான்.

அவ்விதிமுறையைச் சற்று விரித்துரைப்பது தேவை. 1920ஆம் ஆண்டின் நாகபுரி மாநாட்டில் காங்கிரசு தன் அமைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டு முடிவுகள் எடுத்தது. ஆண்டுக்கு நான்கணா செலுத்தும் எவரும் உறுப்பினர் ஆகலாம் என்பது ஒன்று. அக்காலத்தில் நாலணா உறுப்பினர் என்ற வழக்கு இதனால் எழுந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் மாகாண எல்லைகளைப் பொருட்படுத்தாமல் மொழிவாரியாகக் கட்சியின் மாகாணக் குழுக்களை அமைப்பது மற்றொன்று; இதனால் சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தபோதே தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டி ஆந்திரக் கமிட்டியிலிருந்து தனித்து இயங்கியது. நாலணா உறுப்பினர்கள் கீழ்நிலைக் கமிட்டிகளையும், அவற்றின் வழியே மாவட்ட, மாகாணக் கமிட்டிகளையும் தேர்ந்தெடுத்தனர். மாகாணக் கமிட்டியின் உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். ஆகவே ஒருவர் தலைவராக வேண்டுமானால் காந்தியடிகளின் அன்போ செய்தித்தாள்களின் ஆதரவோ போதாது. மாவட்டம் மாவட்டமாகச் சென்று, சிற்றூர்க் கமிட்டிக்காரரின் பெயரையும் குறையையும் அறிந்து, அவர்களின் வாக்கை ஈட்ட வேண்டும். இந்த வேலையைக் காமராசர் போலச் செய்தவர் அந்தத் தலைமுறையில் வேறொருவர் இல்லை.

இராஜாஜியை எதிர்த்த அணியின் முதல் தலைவர் காமராசர் அல்லர். அவருடைய வழிகாட்டியான தீரர் சத்தியமூர்த்தி ஆவார். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1937 தேர்தலில் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்காக விட்டுக்கொடுத்த சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் தரப்படாதது அவர்தம் ஆதரவாளர் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. 1939இல் அமைச்சரவை பதவி விலகிய பின், 1940 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் தேர்தல் வந்தது. இராஜாஜியின் அணி கோயம்புத்தூர் சி. பி. சுப்பையாவை நிறுத்தியது, சத்தியமூர்த்தியின் அணி காமராசரை நிறுத்தியது. காமராசர் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவருக்கு வயது 36. பின்னர்ச் சத்தியமூர்த்தியே அவர் தலைமையின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார். 1939–40இல் சென்னை நகரின் மேயராக இருந்து, வடசென்னை இன்றும் குடிக்கும் பூண்டி ஏரி நீருக்கு அடித்தளம் இட்ட அந்தப் பெருமகன், தாம் வளர்த்த தொண்டரின் கீழ்ப் பொறுப்பேற்கத் தயங்காதது, பதவியைக் காட்டிலும் தேர்தலின் முடிவைப் பெரிதாக மதித்த பண்பாட்டுக்குச் சான்று. அப்பண்பாடு இன்று எத்தனை தொலைவில் நிற்கிறது என்பதை எண்ணும்போது வேதனையே மிஞ்சுகிறது.

இங்கு ஒரு போக்கைக் கவனிக்க வேண்டும். 1940இல் இராஜாஜி நேரில் போட்டியிடவில்லை; தம் சார்பில் ஒருவரை நிறுத்தினார். அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1939 ஜனவரியில், அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் பதவிக்கு 42 வயது சுபாஷ் சந்திர போஸ் மீண்டும் போட்டியிட்டபோதும் காந்தியடிகள் நேரில் எதிர்க்கவில்லை. பட்டாபி சீதாராமையா அவர் சார்பாக நின்றார், போஸ் 200க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூத்த தலைவர் களத்துக்கு வெளியே நின்றுகொண்டு மற்றொருவரைக் களத்தில் இறக்குவதால் தோல்வியின் காயம் அவர்மேல் படாது என்பது எதிர்பார்ப்பு. இரண்டு நிகழ்விலும் அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. போஸின் வெற்றியைத் தம் தோல்வியாகவே காந்தியடிகள் கருதினார். வென்ற பின்னும் செயற்குழுவின் ஒத்துழைப்புக் கிடைக்காததால் போஸ் அதே ஆண்டு ஏப்ரலில் பதவி விலகி, மே மாதத்தில் பார்வர்டு பிளாக் அமைப்பைத் தொடங்கினார். வாக்கெடுப்பு நடந்தால் மட்டும் போதாது, தோற்ற மூத்தவர்கள் வென்ற இளையவரைச் செயல்பட விட வேண்டும் என்பதை 1939 கற்பித்தது. தமிழ்நாட்டில் 1940இல் வென்றவரும் தோற்றவரும் அதை ஓரளவு நிறைவேற்றினர்.

அடுத்த சில ஆண்டுகளின் நிகழ்வுகளை விரைந்து கடக்கலாம். முஸ்லிம் லீக்கின் கோரிக்கையை ஏற்றுச் சமரசம் காண வேண்டும் என்ற கருத்தால் இராஜாஜி 1942இல் காங்கிரசை விட்டு விலகினார். அந்த ஆண்டின் ஆகஸ்டுப் போராட்டத்தில் காமராசர் உள்ளிட்டோர் சிறை சென்றனர். சத்தியமூர்த்தி 1943 மார்ச்சில் மறைந்தார். 1945இல் இராஜாஜி கட்சிக்குத் திரும்பியபோது, சிறையிலிருந்து மீண்ட தொண்டர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அக்டோபரில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரசார் தம் எதிர்ப்பை வெளிப்படையாகக் காட்டினர். 1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து திரும்பிய காந்தியடிகள் ‘அரிசன்’ இதழில் இராஜாஜியின் எதிர்ப்பாளர்களைக் கடிந்து எழுதினார். மனம் புண்பட்ட காமராசர் கட்சியின் ஆட்சிமன்றக் குழுவிலிருந்து விலகினார். எனினும் காந்தியடிகளின் சொல்லும் வாக்குப்பெட்டியை மாற்றிவிடவில்லை. சட்டமன்றத்துக்குத் தேர்வான காங்கிரசு உறுப்பினர்கள் தமக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது இராஜாஜியை ஏற்க மறுத்தனர். காமராசர் ஆதரித்த சி. என். முத்துரங்க முதலியாரும் அத்தேர்தலில் ஆந்திரத்தின் த. பிரகாசத்திடம் தோற்றார், அம்முடிவையும் காமராசர் ஏற்றார்.

இங்கே இரண்டு களங்களைப் பிரித்தறிவது இன்றியமையாதது. கட்சியின் உறுப்பினர்களும் கமிட்டிகளும் அடங்கியது கட்சி அமைப்பு. அக்கட்சியின் சார்பில் வென்ற உறுப்பினர்கள் மட்டும் அடங்கியது சட்டமன்றக் கட்சி. முன்னது தமிழ் மாவட்டங்களை மட்டும் உள்ளடக்கியதால் அங்கே காமராசரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. பின்னது தெலுங்கு, மலையாள, கன்னட உறுப்பினர்களையும் கொண்டிருந்ததால் அங்கே அவரது கை அவ்வளவு நீளவில்லை. 1952 பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 மட்டுமே பெற்றுப் பெரும்பான்மை இழந்தபோது, தேர்தலில் நிற்காத 73 வயது இராஜாஜி மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். நெருக்கடியில் அவரை அழைத்தவர்களுள் காங்கிரசின் பல அணியினரும் இருந்தனர். ஆட்சியை நிலைநிறுத்தும் திறமை அவருக்கு இருந்தது என்பதை மறுப்பவர் இல்லை.

அவருடைய ஆட்சியின் முடிவுக்கு இரண்டு காரணங்கள். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தனர், அப்பெயரே நிலைத்தது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் மட்டுமின்றிக் காங்கிரசுச் சட்டமன்ற உறுப்பினர்களுள் கணிசமானோரும் அதை எதிர்த்தனர். இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது தெலுங்கு உறுப்பினர்கள் சென்னைச் சட்டமன்றத்தை விட்டு நீங்கினர். சட்டமன்றக் கட்சியின் உள்ளடக்கமே மாறி, கட்சி அமைப்பில் காமராசருக்கு இருந்த பெரும்பான்மை சட்டமன்றக் கட்சியிலும் பிரதிபலித்தது. வாக்காளர் தொகுப்பு மாறினால் தலைமையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழக வரலாற்றில் அரிது.

1954 மார்ச் இறுதியில் சட்டமன்றக் காங்கிரசுக் கட்சி தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. இராஜாஜி பதவி விலக முடிவு செய்து, தம் அமைச்சரவையின் சி. சுப்பிரமணியத்தை முன்னிறுத்தினார், எம். பக்தவத்சலம் அவரை ஆதரித்தார். எதிரே காமராசர். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். ஏப்ரல் 13 அன்று முதலமைச்சரான காமராசர், தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும் அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் எட்டுப் பேர் கொண்ட தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கல்வித்துறை சுப்பிரமணியத்திடமே இருந்தது. எதிர்ப்புக்குள்ளான கல்வித் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பையும் மே மாதத்தில் அவரே செய்தார். தோற்றவரை ஒதுக்காமல் அரவணைத்ததன் பயன் நாட்டுக்குக் கிடைத்தது: அதே சுப்பிரமணியம் 1960களில் மத்திய உணவு, வேளாண் அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்தார், பக்தவத்சலம் 1963இல் காமராசருக்குப் பின் முதலமைச்சரானார். இந்த ஏற்பாட்டைக் காமராசரின் பெருந்தன்மை என்று மட்டும் போற்றுவது பாதி உண்மையே. 41 வாக்குகள் எண்ணப்பட்டு அனைவர் கண்ணிலும் பட்டதால், அந்த 41 பேருக்கும் கட்சியில் இடம் உண்டு என்பது மறுக்க முடியாத கணக்காயிற்று. வாக்கெடுப்பு வென்றவரின் பலத்தை அளப்பது போலவே தோற்றவரின் பலத்தையும் அளந்து பதிவு செய்கிறது. நியமனத்தில் தோற்றவர் என்று எவரும் இல்லாததால், அவருக்குரிய பங்கும் இல்லாமற்போகிறது.

இராஜாஜி நீடிக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். சில ஆண்டுகளில் காங்கிரசை விட்டு விலகிய அவர் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். வாக்கெடுப்பு எல்லாப் பிளவையும் தடுத்துவிடும் என்று வாதிட இவ்வரலாறு இடம் தராது. பிளவு நேரும் முன்பாகப் பலமுறை பேசித் தீர்க்கவும், பிரிபவர் கொள்கைக்காகவே பிரிகிறார் என்பது தெளிவாகவும் அது காலம் தருகிறது, அவ்வளவே.

காமராசரும் பின்னாளில் மூத்தவரானார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக, 1964இல் நேரு மறைந்தபின் வாக்கெடுப்பைத் தவிர்த்துக் கருத்தொற்றுமை என்ற முறையில் லால் பகதூர் சாஸ்திரியைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். 1966இல் மொரார்ஜி தேசாய் போட்டியை வற்புறுத்தியதால் நாடாளுமன்றக் காங்கிரசில் வாக்கெடுப்பு நடந்தது. 69 வயது மொரார்ஜியை 48 வயது இந்திரா காந்தி 169க்கு எதிராக 355 என்ற கணக்கில் வென்றார். அவ்வெற்றிக்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் காமராசர். மூன்றே ஆண்டுகளில், 1969இல், காங்கிரசு பிளவுபட்டபோது காமராசரும் இந்திராவும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். அதன்பின் இந்திராவின் காங்கிரசில் மாநில முதல்வர்கள் தில்லியிலிருந்து அறிவிக்கப்படும் வழக்கம் வேரூன்றியது. நாலணா உறுப்பினரின் வாக்கால் எழுந்த ஒருவரின் ஆதரவில் அமைந்த தலைமையே அந்த வாக்கைப் பொருளற்றதாக்கியது வரலாற்றின் கொடுமை. 2022 அக்டோபரில் காங்கிரசுத் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கேவை எதிர்த்துச் சசி தரூர் போட்டியிட்டு 7,897க்கு 1,072 என்ற கணக்கில் தோற்றதும், தோற்றபின் கட்சியில் நீடித்ததும், பழைய வழக்கத்தின் எஞ்சிய சுவடு எனலாம்.

காங்கிரசில் வாக்குப்பெட்டி இருந்த அதே காலத்தில் அது இல்லாத இயக்கத்தில் நேர்ந்தது என்ன என்பதை வடசென்னை மண்ணே சொல்லும். 1949 ஜூலையில் 70ஆம் வயதை நெருங்கிய பெரியார் மணியம்மையாரை மணந்துகொண்டபோது, திராவிடர் கழகத்தின் இளைய தலைவர்கள் அதை இயக்கத்தின் வாரிசுரிமைச் சிக்கலாகக் கண்டனர். இயக்கத்தின் தலைமை பற்றிய கருத்து வேறுபாட்டை உறுப்பினர் வாக்கால் தீர்க்க அங்கு வழியில்லை. பெரியாரின் முடிவே இறுதி. எனவே 40 வயது அண்ணாவும் தோழர்களும் வெளியேறி, செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டனர். இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அதன் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. புதிய கட்சியின் தலைவர் நாற்காலி பெரியாருக்காகவே காலியாக விடப்படும் என்று அறிவித்தார் அண்ணா. அவர் பொதுச்செயலாளர் மட்டுமே. மூத்தவரைத் தோற்கடிக்க வாய்ப்பில்லாத இளையவர் மூத்தவரின் இடத்தைக் காலியாக வைத்து வணங்கிவிட்டுத் தனிவழி சென்றதற்கு இதைவிட உருக்கமான எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைக்காது. அண்ணாவின் காலத்தில் தி.மு.க. கிளை, வட்டம், மாவட்டம் என்று தேர்தல்களை நடத்தியதும், 1956இல் நெடுஞ்செழியன் பொதுச்செயலாளரானதும் அந்த அனுபவத்திலிருந்து கற்ற பாடங்களே.

அப்பாடம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1961இல் ஈ. வெ. கி. சம்பத் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். அண்ணா மறைந்தபின் 1969இல் கருணாநிதிக்கும் நெடுஞ்செழியனுக்கும் இடையே எழுந்த போட்டி வாக்கெடுப்புக்குப் போகாமலே முடிந்தது. இருபது ஆண்டு காலியாக இருந்த தலைவர் பதவியும் அவ்வாண்டில் நிரப்பப்பட்டது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அண்ணா தி.மு.க. பிறந்தது, 1993இல் வைகோ நீக்கப்பட்டு மறு ஆண்டு ம.தி.மு.க. பிறந்தது, 1996இல் மூப்பனாரின் தலைமையில் தமிழ் மாநிலக் காங்கிரசு பிறந்தது. காரணங்கள் வெவ்வேறு, ஒவ்வொன்றிலும் இரு தரப்பின் நியாயமும் உண்டு. எதிலும் அடிப்படை உறுப்பினரின் வாக்கு கேட்கப்படவில்லை என்பது மட்டும் பொது.

எழுத்தளவில் விதி இல்லாமல் இல்லை. அண்ணா தி.மு.க.வின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்து விதி கூறியது. நடைமுறையில் போட்டியின்றித் தேர்வு என்ற அறிவிப்பே தொடர்ந்து வந்தது. 2022 ஜூலைப் பொதுக்குழு அப்பதவிக்குப் போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் எனத் திருத்தம் செய்தது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தி.மு.க.விலும் 2018இல் மு. க. ஸ்டாலின் போட்டியின்றியே தலைவரானார். போட்டியின்மையைக் கட்சிகள் ஒற்றுமையின் அடையாளமாகக் காட்டுகின்றன. போட்டியிட விரும்பியவர் போட்டியிட முடிந்ததா என்று கேட்காத வரை அந்த ஒற்றுமைக்கு மதிப்பில்லை.

தலைமைப் பதவியைவிட வேட்பாளர் தேர்வு பொதுமக்களுக்கு நெருக்கமானது. அங்குள்ள பூட்டு இன்னும் வலியது. தேர்தலில் நிற்க விரும்பும் கட்சிக்காரர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு அளிக்கிறார். தலைமையிடம் நேர்காணலுக்குச் செல்கிறார். ஆட்சிமன்றக் குழு என்ற பெயரில் சிலர் கூடிப் பட்டியல் வெளியிடுகிறார்கள். தொகுதியில் உள்ள உறுப்பினர் எவரும் அதில் வாக்களிப்பதில்லை. பட்டியல் வந்தபின் சட்டமும் தலைமைக்கே துணை நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி, கட்சியின் சார்பில் கையொப்பமிட உரிமை பெற்றவர் யார் என்று ‘ஏ’ படிவமும், அவர் அங்கீகரித்த வேட்பாளர் யார் என்று ‘பி’ படிவமும் தேர்தல் அலுவலரிடம் சென்றால்தான் சின்னம் கிடைக்கும். மக்கள் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கும் நாட்டில் அந்த ஒரு கையொப்பம் ஆயிரக்கணக்கான உறுப்பினரின் விருப்பத்தைவிட எடை மிகுந்ததாகிறது. வென்றபின், 1985இல் 52ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணையின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். கட்சித் தாவலைத் தடுக்க வந்த அச்சட்டம், கட்சிக்குள் தலைமையை எதிர்த்துப் பேசும் துணிவையும் சேர்த்தே குறைத்துவிட்டது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு பெறும் கட்சி மக்களாட்சிக் கோட்பாட்டில் பற்றுடையதாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அப்பற்று மீறப்பட்டதாகக் கூறிப் பதிவை நீக்கும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிகளின் உள்தேர்தலைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை 1999இலேயே பரிந்துரைத்தது; அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது. ஜெர்மனியில் கட்சியின் உள்ளமைப்பு மக்களாட்சி முறைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு. வேட்பாளர்களை உறுப்பினர்களோ அவர்களின் பேராளர்களோ இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பது அங்கே சட்டக் கட்டாயம்.

உறுப்பினர் வாக்கெடுப்பு வைத்தால் போலி உறுப்பினர் சேர்ப்பும் பணமும் சாதிக் கணக்கும் நுழையும் என்பது கட்சிக்காரர் கூறும் மறுப்பு. அது உண்மையான அச்சமே. 1940களின் காங்கிரசிலும் உறுப்பினர் சேர்க்கை பற்றிய புகார்கள் இல்லாமல் இல்லை. எனினும் பணமும் சாதியும் இன்றைய நேர்காணல் அறைக்குள் நுழையவில்லை என்று எவரும் கூறத் துணியார். அறைக்குள் நடப்பதைத் தட்டிக்கேட்க வழியில்லை. வாக்குச்சாவடியில் நடப்பதற்கு முகவரும் மறுஎண்ணிக்கையும் நீதிமன்றமும் உண்டு. ஈழத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 2024 ஜனவரியில் தன் தலைவரை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்து, சிறீதரன் சுமந்திரனை வென்றபோது, பின்னர் வழக்குகள் தொடர்ந்தன. அவ்வழக்குகளைக் காட்டி வாக்கெடுப்பே வீண் என்பது பொருந்தாது. ஏறத்தாழ 75 ஆண்டு பழைமையான ஒரு தமிழ்க் கட்சி தன் பொதுச்சபை உறுப்பினரை வாக்களிக்க அழைக்க முடிந்தது என்பதே முதன்மையான செய்தி.

உறுப்பினர் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் இம்முறை, வடசென்னையில் மாத்தூரைச் சூழ்ந்த மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி மக்களுக்குப் புதியதும் அல்ல. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1946இல், முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த இலங்கைத் தமிழரான எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளையைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் 1957இல் வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இன்றும் இவ்வட்டாரத்து ஆலை வாயில்களில் சங்கத் தேர்தல் வரும்போது அணிகள் துண்டறிக்கை விடுகின்றன, பல ஆண்டு தலைவராக இருந்தவரைக் கேள்வி கேட்கின்றன, தொழிலாளர் வரிசையில் நின்று வாக்குச்சீட்டு இடுகின்றனர், தோற்ற அணி மறுநாள் அதே ‘ஷிப்டு’க்கு வேலைக்குப் போகிறது. சங்கப் பொறுப்பாளரை இவ்வாறு தேர்ந்தெடுக்கும் தொழிலாளி, தான் உறுப்பினராக உள்ள கட்சியின் வேட்பாளரைச் சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை தகாதது.

ஆகவே நாடாளுமன்றச் சட்டத்துக்காகக் காத்திராமல் கட்சிகள் தாமே ஒன்றைச் செய்யலாம். சென்னை மாநகராட்சியில் 200 வட்டங்கள் உள்ளன. அடுத்த மாநகராட்சித் தேர்தலில், வட்டத்துக்கு ஒருவர் என்று தலைமை அறிவிப்பதற்கு மாறாக, அந்தந்த வட்டத்தின் உறுப்பினர் பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டி வைத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, விருப்ப மனு அளித்த அனைவரையும் அதே மேடையில் பேச வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, அதில் வென்றவருக்கே ‘பி’ படிவம் வழங்கலாம். இதற்குச் சட்டத் திருத்தமோ பெருஞ்செலவோ தேவையில்லை. மாத்தூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், எக்கட்சியினராயினும், அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஒரு கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, கையொப்பமிட்டு, தம் வட்டச் செயலாளரிடம் அளிக்க வேண்டும்.